கூடைக்கு நாடி பார்த்த கதை

அம்புலன்சில் வேலை என்று சொன்னதும் கேட்பவர்கள் முதலில் ஒரு "அட" போடுவார்கள். அடுத்ததாக, நீங்கள் முதன்முதலில் காப்பாற்றியது யாரை என்று கேட்பார்கள். அந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். ஏனென்றால் நான் உயிரைப் பணயம் வைத்து முதன்முதலில் காப்பாற்றப் போனது ஒரு கொழுந்துக் கூடையை. (கூடைக்குள் யாராவது இருந்தார்களா என்று கேட்காதீர்கள். கொழுந்துதான் இருந்தது.)

எங்கள் வீட்டில் இந்தக் கதையை இன்றும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். சிரித்து முடித்ததும் யாராவது ஒருவர் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விடுவார். அது ஏன் என்று கடைசியில் தெரியும்.

நான் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். அம்மாவும், அப்பாவின் தங்கை பாக்கியம் அத்தையும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே என்னை அதட்டுகிற உரிமையை அம்மாவிடமிருந்து பாதிக்கு மேல் வாங்கி வைத்திருந்தார். நாக்கு நீளம். கங்காணியே அத்தை இருக்கிற செடி நிரைப் பக்கம் போவதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார். நான் படித்து, பயிற்சி முடித்து, லுணுகலையில் நிற்கிற அம்புலன்சுக்கு உதவியாளராக வந்தபோது, தோட்டம் முழுக்கப் போய்ச் சொன்னது அத்தைதான். சொன்ன விதத்தில் நான் பாதி டாக்டராகியிருந்தேன். பிற்பகலுக்குள் முழு டாக்டர்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், இடம் பாதுகாப்பானதா என்று பார்க்காமல் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது. முதலில் நீ, அடுத்து உன்னோடு வந்தவர், அதற்குப் பிறகுதான் நோயாளி. கேட்பதற்கு இரக்கமில்லாத பேச்சாகத்தான் இருக்கும். ஆனால் உதவிக்குப் போனவரும் விழுந்துவிட்டால், அங்கே நோயாளி ஒருவர் கூடுவார், உதவிக்கு ஆள் ஒருவர் குறைவார். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் மிக அழகாகப் பதில் எழுதினேன். வேலைக்கு வரும்போது வாசனை எதுவும் பூசக் கூடாது என்பதும் ஒரு பாடம். மூச்சு முட்டுகிற நோயாளிக்கு அது ஆகாது. அதற்கும் சரியாகவே எழுதினேன்.

எழுதியது பரீட்சைக்கு. தலைக்குத் தடவியது மல்லிகை வாசனை எண்ணெய். என்றாவது ஒருநாள் எங்கள் தோட்டத்திலிருந்து அழைப்பு வரும், நான் சீருடையோடு இறங்குவேன், லயத்துப் பெண்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள் என்ற கனவில் தினமும் தடவினேன். முகத்துக்குப் பவுடரும் உண்டு. (தன்னை நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதற்காக ஊரில் ஒருவருக்கு நோய் வரட்டும் என்று காத்திருந்த பெண்ணைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, அதையேதான் நானும் இப்போது நினைக்கிறேன்.)

ஒருநாள் காலை அந்த அழைப்பு வந்தது. எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கலைந்து கொட்டிவிட்டது.

வண்டியை ஓட்டியவர் ரிஸ்வி நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது எங்கள் பழக்கம். பதுளைக் கடைவீதியில் துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் மற்ற எல்லோரும் துணி கிழிக்க, இவர் மட்டும் பிஸ்மி சொல்லி அம்புலன்ஸ் எடுக்கிறவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்து எல்லை வந்ததும் சைரனை நிறுத்தினார். மலைக்குக் கீழே, வளைவில், கொஞ்சம் தள்ளியே வண்டியை ஒதுக்கினார்.

"தங்கச்சி, கண்ணாடிய ஏத்துங்க. குளவி இன்னும் மேல சுத்திட்டு ஈக்கிது. எறங்க வாணாம். ஆக்களக் கீழ கொண்டு வரச் சொல்லுவம்."

ஒழுங்காகப் பயிற்சி பெற்றவர் பேசுகிற பேச்சு. நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் கொட்டு வாங்கிய பெண்கள் சிலர் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு பாதையில் இறங்கி வந்தார்கள். ஒருத்தி கண்ணாடியைத் தட்டி, பாக்கியம் அக்காவைத்தான் நிறையக் கொட்டிவிட்டது என்று சொல்லி மலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

நான் பார்த்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அத்தையின் படங்கு தெரிந்தது. படங்கு என்பது கொழுந்து பறிப்பவர்கள் செடி உரசாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்பு. மற்றவர்கள் உரச் சாக்கிலோ தார்ப்பாயிலோ கட்டுவார்கள். அத்தை மட்டும் எங்கேயோ கழற்றிப் போட்ட சவர்க்கார விளம்பரப் பதாகையை வெட்டிக் கட்டியிருந்தார். அதில் ஒரு பெண்ணின் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் இருக்கும். அந்தக் கண்ணை எந்த மலையில் பார்த்தாலும் தோட்டத்துக்கே தெரியும், அங்கே பாக்கியம் நிற்கிறாள் என்று. இப்போது அந்தக் கண் செடிகளுக்குள் அசையாமல் கிடந்தது. படங்குக்குக் கீழே ஏதோ குவிந்திருந்தது.

கதவைத் திறந்து ஓடினேன். பாடம், பரீட்சை, முதலில் நீ, அடுத்து அவர் எல்லாம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தன.

பின்னால் எல்லோரும் கத்தினார்கள். என் துணிச்சலைப் பார்த்து உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். ரிஸ்வி நானாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. அவரும் என்னைப் பாராட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். இன்னும் வேகமாக ஏறினேன். பளபளக்கும் மேலங்கி, மல்லிகை எண்ணெய், பவுடர். குளவிக்கு வாசனை ஆகாது என்று எங்கள் தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் மலைக்குப் போகிறவர்கள் தலையில் பூ வைப்பதில்லை. நானோ ஒரு கல்யாண வீடே நடந்து போவது மாதிரிப் போனேன்.

படங்குக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். "அத்த, பயப்படாதீங்க. நான் வந்துட்டேன்" என்றேன். பதில் இல்லை. மயக்கம் என்று முடிவு செய்தேன். நாடி பார்க்கப் படங்குக்குள் கையை விட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. விரல்களை இன்னும் உள்ளே அழுத்திப் பார்த்தேன். பிறகுதான் விலக்கிப் பார்த்தேன். பறித்த கொழுந்து, பச்சைப் பசேலென்று, கூடை நிறைய.

குளவிக்கூட்டில் கை வைத்த மாதிரி என்று மற்றவர்கள் உவமை சொல்வார்கள். எனக்கு அன்று உவமை தேவைப்படவில்லை.

குளவி வந்தால் ஓடாதே, குப்புறப் படு, முகத்தை மூடு. இதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, நடக்கப் பழகும்போதே தெரிந்துகொள்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் சீருடை போட்டதிலிருந்து நான் தோட்டத்துப் பிள்ளை இல்லை என்று எனக்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஓடினேன். அதுவும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியிருக்கலாம். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானில் கால் வைத்து, கூடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக விழுந்தேன். ஆண்கள் காய்ந்த மானாப் புல்லைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு வந்து என்னை இழுத்துப் போனார்கள். என் மேல் கொழுந்து ஒட்டியிருந்தது.

வண்டியின் பின்படியில் பாக்கியம் அத்தை உட்கார்ந்திருந்தார். குளவி கலைந்ததுமே கூடையையும் படங்கையும் போட்டுவிட்டு, கீழ்ப்பாதையால் இறங்கி, நான் மேலே ஓடும்போதே வண்டிக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டாராம். பின்னால் எல்லோரும் கத்தியது, "பாக்கியம் இங்க இருக்கு" என்றுதான். அத்தையின் முகமும் கழுத்தும் கைகளும் தடித்துச் சிவந்திருந்தன. என்னைவிடப் பல மடங்கு கொட்டு வாங்கியிருந்தார். ஆனாலும் என்னைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்:

"என்னா புள்ள, கூடைக்கு மூச்சு இருந்துச்சா?"

மற்றவர்களைத் தோட்டத்து லொறி கிட்டிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. அத்தையைப் பதுளைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் அம்புலன்ஸ் சேவையின் டாக்டர் தொலைபேசியில் சொன்னார். இங்கேதான் அடுத்த வெட்கம். வண்டியில் படுக்கை ஒன்று. என் கண் இரண்டும் அதற்குள் வீங்கி மூடிவிட்டன, உட்கார்ந்தால் தலை சுற்றியது. அத்தை படுக்க மாட்டேன் என்றுவிட்டார். படுத்தால் மூச்சு அடைக்கிறதாம், உட்கார்ந்தால்தான் சுகமாம். டாக்டரும் அப்படியே வரட்டும் என்றார். ஆகவே அம்புலன்ஸ் உதவியாளர் படுக்கையில் படுத்திருக்க, நோயாளி உதவியாளரின் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். நான் செய்த ஒரே கடமை, இருக்கைப் பட்டியைப் போடுங்கள் என்று நினைவுபடுத்தியது. "போட்டுட்டேன், போட்டுட்டேன், நீ பேசாம படு" என்று என்னை அதட்டிவிட்டு, எனக்கு முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தார்.

பசறைக்குக் கிட்ட வரும்போது விசிறல் நின்றது. அத்தையின் குரல் கம்மிப்போனது. தொண்டையில் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். வீங்கிய கண்ணோடு எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் அந்தக் குரல் தெரிந்தது. நானாவிடம் நிறுத்தச் சொன்னேன். அவர் பின்னால் ஓடி வந்து, டாக்டரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே மருந்தின் பெயரையும் அளவையும் வாசித்துக் காட்டினார். ஊசி என் கையில். குத்தவேண்டிய இடம் தொடை. எனக்கோ தொடையும் தெரியவில்லை, துணியும் தெரியவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார்.

"இங்கதானே? குத்து. கூடைக்குப் பாத்த மாதிரி தேடிக்கிட்டு இருக்காத."

குத்தினேன். பதுளைக்குப் போவதற்குள் குரல் திரும்பியது. நான் அழுதேன். வீக்கத்தில் கண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மூக்கால் வந்தது. அது அழுகை என்று யாருக்கும் தெரியவில்லை, சளி என்று நினைத்து நானா துடைக்கத் துணி கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்து முதலில் என்னைத் தூக்கினார்கள். பக்கத்தில் இறங்கி நின்ற அத்தையிடம், நீங்கள் இவருக்கு யார், துணைக்கு வந்தவரா என்று கேட்டார்கள்.

"இல்லீங்க, நான்தான் நோயாளி. படுத்திருக்கது டாக்டரம்மா."

பெண்கள் வார்டில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அதற்குப் பிறகு வந்த நாட்களில் என் மானம் போன வேகத்துக்குப் பதுளை ரயில்கூடப் போகாது. ஊசி போட வந்த தாதி மிஸ்மாருக்கு, சாப்பாடு கொண்டு வந்தவருக்கு, கூட்டுகிற அம்மாவுக்கு, எதிர்க்கட்டில் சிங்கள அக்காவுக்கு என்று எல்லோருக்கும் அத்தை கதையைச் சொன்னார். சிங்களம் வராத இடத்தில் நடித்துக் காட்டினார். நான் எப்படி மண்டியிட்டேன், எப்படிக் கூடைக்குத் தைரியம் சொன்னேன், எப்படிக் கையை உள்ளே விட்டு நாடி தேடினேன். (இதையெல்லாம் கீழே இருந்தே பார்த்திருக்கிறார். கண் நல்ல கண்.) ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடும். கடைசியாகச் சொன்னபோது நான் கூடைக்கு வாயில் வாய் வைத்து ஊதியிருந்தேன். வார்டே சிரித்தது. நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

சிவலிங்கம் மாமா, அத்தையின் புருஷன், ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற வேலை முடித்துவிட்டு பஸ் ஏறி வருவார். அதிகம் பேசாத மனிதர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தோடம்பழம் உரித்துக்கொடுத்துக்கொண்டு, அத்தை பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவரும் சத்தமில்லாமல் சிரிப்பார். வீக்கம் வற்றுகிறது, சீக்கிரம் வீட்டுக்கு விடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ஒருநாள் காலையில் அத்தை என் கட்டில் பக்கம் சாய்ந்தார். கதை சொல்கிற குரல் இல்லை. வெட்கப்பட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"புள்ள, ஒண்ணுக்குப் போனா பால் ஊத்தாத பிளேன்டீ மாதிரி போகுது. அதுவும் கொஞ்சந்தான். இத டாக்டர்கிட்ட சொல்லணுமா?"

நிறையக் கொட்டு வாங்கினால் விஷம் கொஞ்ச நாள் கழித்துச் சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்று படித்திருந்தேன். அந்த நிறம் எதன் அடையாளம் என்பதையும் படித்திருந்தேன். பரீட்சையில் வந்த கேள்விதான். கூவி மிஸ்ஸைக் கூப்பிட்டேன். டாக்டர்கள் உடனே வந்து பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், இரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரம் இருக்கிற வேறு பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அவர்கள் தரப்பில் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. அத்தைக்கு எதுவும் புரியாமல் இல்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

தள்ளுகட்டிலுக்கு மாற்றியபோது என் கையைப் பிடித்தார்.

"கூடை மலையிலயே கெடக்கும். மாமாவ எடுத்து வைக்கச் சொல்லு. ஒன்னய நம்பி விட்டா அதுக்கும் ஊசி போட்டுருவ."

நான் சிரித்தேன். அவர் என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார், அதனால் சிரித்தேன். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

என் கண் வீக்கம் முழுதாக வற்றி, எல்லாம் தெளிவாகத் தெரிந்த நாளன்று பகலில் அம்மா வந்து கட்டில் காலடியில் நின்றார். பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை, அந்த விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் வீங்கியே இருந்திருக்கக் கூடாதா இந்தக் கண் என்று நினைத்தேன்.

சாவு வீட்டில் மாமா அழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, தனியாக மலைக்குப் போய், கானில் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு வந்தார். கொழுந்து கறுத்து ஒட்டியிருந்ததாம். கழுவி, வெயிலில் காய வைத்து, வாசல் ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அவர் யாரோடும் பேசவில்லை என்றார்கள். வேலைக்குப் போவார், வருவார், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிடுவார். கேட்டால் தலையாட்டுவார். மாதக்கணக்கில் இப்படியே போனது.

நான் அந்த வீட்டுப் பக்கம் போகவே இல்லை. வண்டி அந்தப் பாதையால் போகிற நாட்களில் நானா என்னைப் பார்ப்பார், நான் மற்றப் பக்கம் பார்ப்பேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பயம். என் முகத்தைப் பார்த்தால் மாமாவுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும் என்று பயம். ஊரையே சிரிக்க வைத்தவள் போய்விட்டாள், சிரிப்புக்கு ஆளானவள் மட்டும் மிச்சம். அந்த மிச்சத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளிக்கு அம்மா விடவில்லை. பலகாரத் தட்டை என் கையில் கொடுத்து, மாமா வீட்டுக்குப் போகாவிட்டால் நீ வீட்டுக்கும் வர வேண்டாம் என்றார். கூடவே அவரும் வந்தார், நான் வழியில் திரும்பிவிடுவேன் என்ற சந்தேகத்தில். மாமா வாசலில் குந்தியிருந்தார். நான் தட்டோடு நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய கூடையைப் பார்த்தார். தொண்டை கரகரக்கச் சொன்னார்:

"வா புள்ள. ஒன் நோயாளி நல்லாருக்கு."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மாமாவின் தோள் குலுங்கியது. அது சிரிப்பாகத்தான் தொடங்கியது. தொடங்கிய பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை, சாவு வீட்டில் அழாத அழுகை முழுவதும் அதன் பின்னாலேயே வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் தீபாவளிப் பலகாரத்தைச் சுற்றி உட்கார்ந்து அழுதோம். பிறகு மாமா மூக்கைச் சிந்திவிட்டு, வண்டியில் வரும்போது அவள் உன்னிடம் என்ன சொன்னாள், நீ ஒருதடவை சொல்லு என்றார். சொன்னேன். கையைப் பிடித்துத் தொடையில் வைத்ததைச் சொன்னேன். நடித்தும் காட்டினேன். அத்தை அளவுக்கு எனக்கு நடிப்பு வராது.

இப்போதெல்லாம் நான் தலைக்கு வாசனையில்லாத எண்ணெய்தான் தடவுகிறேன். எங்கேயாவது குளவி என்று அழைப்பு வந்தால், வண்டியை நிறுத்துமுன்னே ரிஸ்வி நானா, "தங்கச்சி, ஆளா கூடையான்னு மொதல்ல பாருங்க" என்பார். மற்ற வண்டிக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த முதல் பாடத்தை இப்போது என் பெயரைச் சொல்லித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. அதைக் கேட்டு ஒருவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் என் மானம் போனாலும் போகட்டும்.

தோட்டத்துப் பக்கம் போனால் மாமா வீட்டுக்குப் போகாமல் திரும்புவதில்லை. போன தடவை கூடையின் விளிம்பு பிய்ந்திருந்தது. பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறது, நீயே பார் என்றார். ஆணியிலிருந்து இறக்கி என் மடியில் வைத்தார். அன்றைக்கு விட்ட மாதிரியே கையை உள்ளே விட்டேன். வெயிலில் தொங்கிய கூடை, உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு மாமா" என்றேன்.

சரி, இரு, பிளேன்டீ போடுகிறேன் என்று சொல்லி, அடுப்பைப் பார்க்க உள்ளே போனார்.